சுவிட்சுகளில் விலேன் காணாமல் போனால்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

திருப்பூர், பல்லடம், சூலூர், பெருந்துறை வட்டாரத்து நூற்பாலைகளுக்கும் பின்னலாடை நிறுவனங்களுக்கும் நெட்வொர்க் பராமரிப்பதுதான் என் வேலை. திரும்பத் திரும்ப வரும் ஓர் அழைப்பு உண்டு. "சுவிட்ச் எல்லாம் ஓடுகிறதுங்க, விளக்கும் மின்னுகிறது. ஆனால் கேமரா வரவில்லை, எடைமேடைக் கம்ப்யூட்டரும் வரவில்லை." போய்ப் பார்த்தால் பல நேரம் கேபிளில் பழுது இருக்காது, சுவிட்சிலும் பழுது இருக்காது. ஒரே சுவிட்சுகளின் மேல் ஓடும் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் எண்ணிட்ட பிரிவுதான் விலேன். அந்த விலேன் பட்டியலைச் சுவிட்சுகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் ஏதோ ஒன்று பிசகியிருக்கும். நான் போவதற்குள் இரண்டு கேபிளை மாற்றி, ஒரு சுவிட்சைக் கழற்றி, இருந்த அமைப்பையும் கலைத்திருப்பார்கள். கலைந்ததை மறுபடி அடுக்கத்தான் பாதி நாள் போகிறது. அந்தப் பாதி நாள் மிச்சமாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழிலேயே தந்திருக்கிறேன். திரையில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

உங்கள் ஆலையில் எந்த ஏற்பாடு ஓடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சிஸ்கோ சுவிட்சுகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் விடிபி. இது அந்த நிறுவனத்தின் சொந்த முறை, மற்ற நிறுவனச் சுவிட்சுகளுக்குப் புரியாது. பல நிறுவனச் சுவிட்சுகள் கலந்திருந்தால் ஜிவிஆர்பி அல்லது எம்விஆர்பி. இவை இரண்டும் பொதுத் தரங்கள். ஜிவிஆர்பி பழையது. அதன் இடத்துக்கு எம்விஆர்பி 2007இல் 802.1ஏகே என்ற தரத்தின் வழியாக வந்தது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. ஒரு முனையில் ஜிவிஆர்பி, மறு முனையில் எம்விஆர்பி என்று வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கன்சோல் கேபிள். விலேன் போய்விட்டால் சுவிட்சுக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழியும் அதோடு போய்விடும், நேரில் போய்ச் சொருகித்தான் ஆக வேண்டும். வேகம் 9600 என்று வைத்தால் பெரும்பாலான சுவிட்சுகள் பேசும். ஸ்பின்னிங் ஹாலில் இருக்கும் சுவிட்ச் என்றால் கன்சோல் துளைக்குள் பஞ்சு மெத்தை மாதிரி அடைந்திருக்கும். அதை எடுக்காமல் சொருகினால் திரையில் ஒன்றும் வராது, வேகம் தவறோ என்று நீங்கள் அமைப்பை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு சிறு தூரிகையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டளையையும் மாற்றுவதற்கு முன்னால், இருப்பதை அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷோ விடிபி ஸ்டேட்டஸ், ஷோ விலேன் பிரீஃப், ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க் ஆகிய மூன்றின் விடையும் ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் வேண்டும். பிற நிறுவனச் சுவிட்ச் என்றால் அதற்கு இணையான மூன்று திரைகள்.

அறிகுறி 1: ஒரு சுவிட்சை மாட்டிய சில நொடிகளில் ஆலை முழுவதும் நின்றுவிட்டது

இருப்பதிலேயே கொடிய பழுது இதுதான். பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றில், சித்திரை மாதக் கோடைமழையின்போது விழுந்த இடியில் ஆட்டோகோனர் ஹால் சுவிட்ச் போய்விட்டது. எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் அனுபவசாலி. ஸ்டோரில் கிடந்த பழைய சுவிட்சை எடுத்து வந்து, துடைத்து, அதே இடத்தில் மாட்டி, ஃபைபரைச் சொருகினார். விளக்கு எரிந்தது. அடுத்த நிமிடமே கேட்டிலிருந்து போன் வந்தது, கேமரா போய்விட்டது என்று. பிறகு வருகைப்பதிவு, பிறகு அலுவலகம். அவர் உடனே மாட்டியதைக் கழற்றிவிட்டார். ஆனாலும் எதுவும் திரும்பி வரவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டார். அப்போதும் வரவில்லை.

"நான் என்ன தப்பு செய்தேன் தம்பி? இருந்த இடத்தில் இருந்த மாதிரிதானே மாட்டினேன்" என்று கேட்டார். "உங்கள் மேல் தப்பே இல்லைங்கண்ணா, அந்தப் பழைய சுவிட்ச் பழைய பட்டியலை நினைவில் வைத்திருந்தது" என்றேன். உண்மையும் அதுதான்.

விடிபியில் ஒவ்வொரு சுவிட்சும் தன் விலேன் பட்டியலோடு ஒரு ரிவிஷன் எண்ணையும் வைத்திருக்கும். ஒரு விலேனைச் சேர்த்தாலும் நீக்கினாலும் எண் ஒன்று ஏறும். டொமைன் பெயரும் (சுவிட்சுக் குழுவுக்கு வைக்கும் பெயர்) கடவுச்சொல்லும் ஒத்துப்போகும் இரண்டு சுவிட்சுகள் டிரங்க் வழியாக, அதாவது பல விலேன்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்பின் வழியாகச் சந்தித்தால், யாருடைய எண் பெரிதோ அவருடைய பட்டியலே செல்லும். எது சரியான பட்டியல், எது நேற்றையது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அந்த ஆலையில் மெயின் சுவிட்சின் எண் 63. ஸ்டோரில் கிடந்தது வேறொரு யூனிட்டில் பல ஆண்டு ஓடி வந்தது, அதன் எண் 118. டொமைன் பெயர் இரண்டு யூனிட்டிலும் ஒன்று. கடவுச்சொல் இரண்டிலும் இல்லை. 118இன் பட்டியலில் கேமராவுக்கான 20உம் இயந்திரங்களுக்கான 30உம் கிடையாது. ஆகவே எல்லாச் சுவிட்சுகளும் அவற்றை நீக்கிவிட்டன. புதிதாக வந்ததைக் கழற்றினால் திரும்பாது, ஏனென்றால் அழிந்தது மற்ற சுவிட்சுகளின் நினைவிலிருந்து.

சர்வர் மோடில் இருக்கும் சுவிட்சில்தான் பட்டியலைக் கையால் மாற்றலாம், கிளையன்ட் மோடில் இருப்பதில் முடியாது. அதனால் கிளையன்ட் சுவிட்ச் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். விடிபியின் பதிப்பு 1, 2 இரண்டிலும் அது தவறு. எண் பெரிதாக இருந்தால் கிளையன்ட் சுவிட்சும் சர்வரின் பட்டியலை மாற்றிவிடும்.

இதுதானா என்று பிரித்தறிய ஒரு சோதனை

ஷோ விலேன் பிரீஃப் போடுங்கள். கேமரா விலேனும் மற்றவையும் பட்டியலில் இல்லை, போர்ட்டைத் தனியாகப் பார்த்தால் அதன் விலேன் எண்ணுக்குப் பக்கத்தில் இன்ஆக்டிவ் என்று வருகிறது என்றால், பட்டியல் அழிந்துவிட்டது. கீழே உள்ளபடி செய்யுங்கள்.

பட்டியல் முழுதாக இருக்கிறது, ஆனால் எல்லாப் போர்ட்டுகளின் விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னுகின்றன என்றால் அது சுற்றுப்பாதை, அதாவது லூப். கடைசியாகச் சொருகிய கேபிளைப் பிடுங்குங்கள். விலேன் பக்கமே போகாதீர்கள்.

மீட்கும் முறை

புதிதாக மாட்டியதைக் கழற்றி ஓரமாக வையுங்கள், அணைக்க வேண்டியதில்லை. பிறகு ஒரு சர்வர் சுவிட்சில், போன விலேன்களை அதே எண்ணில் மறுபடி உருவாக்குங்கள். அவ்வளவுதான். போர்ட்டுகளைத் தொடவே வேண்டாம். 7ஆம் போர்ட் 20இல் இருக்க வேண்டும் என்ற குறிப்பு போர்ட்டின் அமைப்பில் அப்படியே இருக்கிறது. 20 என்ற விலேன் இல்லாததால்தான் அது உறங்குகிறது. எண் திரும்பி வந்ததும் போர்ட் எழுந்துவிடும். அந்த இரவு நான்கு விலேனைத் தட்டச்சு செய்ய ஆன நேரம் இரண்டு நிமிடம். கேட் கேமரா ஒவ்வொன்றாகத் திரையில் திரும்பியதை ஃபோர்மேன் நின்றபடியே எண்ணிக்கொண்டிருந்தார்.

எந்த எண்கள் இருந்தன என்று யாருக்கும் தெரியாவிட்டால்? ஷோ ரன்னிங் கான்ஃபிக் போட்டு, ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் விலேன் என்று தொடங்கும் வரிகளையெல்லாம் பொறுக்குங்கள். இன்டர்ஃபேஸ் விலேன் என்ற வரிகளையும் பாருங்கள். தேவையான எண்கள் ஏறத்தாழ எல்லாமே அங்கே கிடைத்துவிடும்.

அடுத்து ஓரமாக வைத்த சுவிட்ச். அதன் டொமைன் பெயரை ஏதோ ஒரு பொய்ப்பெயராக மாற்றி, மறுபடி சரியான பெயருக்குக் கொண்டு வாருங்கள். ரிவிஷன் எண் 0 ஆகிவிடும். டிரான்ஸ்பரன்ட் மோடுக்கு, அதாவது பிறர் பட்டியலை ஏற்காமல் தன் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளும் மோடுக்குப் போய்த் திரும்பினாலும் 0 ஆகும். ஸ்டார்ட்டப் கான்ஃபிகை அழித்து மறுதொடக்கம் செய்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். விலேன் பட்டியலும் ரிவிஷன் எண்ணும் ஃபிளாஷில் விலேன் டாட் டேட் என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன, அது அழியாது. அந்தக் கோப்பையும் நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால்தான் சுவிட்ச் சுத்தம். எந்த வழியில் போனாலும், ஷோ விடிபி ஸ்டேட்டஸில் 0 என்று கண்ணால் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

காந்திபுரத்துக் கடைகளில் பழைய சுவிட்ச் வாங்கி வருகிறவர்களுக்கும் இதே முறைதான். வாங்கியதைத் தனியாக மேசையில் வைத்து, பழைய பட்டியலை அழித்த பிறகே ரேக்குக்குக் கொண்டுபோக வேண்டும். டொமைன் பெயர் வேறாக இருக்குமே என்று விட்டுவிடக் கூடாது. பெயரே இல்லாத சுவிட்ச், முதலில் காதில் விழும் பெயரை எடுத்துக்கொள்ளும். உங்கள் ரேக்கில் பெயர் வைக்காத சுவிட்ச் ஒன்று இருந்தால், வந்தவனின் பெயரும் பட்டியலும் அதற்குள் போய்விடும்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறேழு சுவிட்சுகள் மட்டும் உள்ள ஆலையில் விடிபி தேவையே இல்லை. எல்லாவற்றையும் டிரான்ஸ்பரன்ட் மோடில் வைத்து, விலேனைக் கையால் உருவாக்குங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கப்போகும் விலேனுக்காக இந்த ஆபத்தைத் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட வேண்டியதில்லை. நாற்பது ஐம்பது சுவிட்சுகள் இருந்தால் பதிப்பு 3க்குப் போங்கள். அதில் பிரைமரி சர்வர் என்று அறிவிக்கப்பட்ட ஒரே ஒரு சுவிட்சுதான் பட்டியலை மாற்ற முடியும். பழைய சுவிட்ச் பெரிய எண்ணோடு வந்தாலும் அதன் பேச்சு எடுபடாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: விலேன்களை உருவாக்கிய சில நொடிகளில் அவை மறுபடி அழிந்தால். பெரிய எண்ணோடு இன்னொரு சுவிட்ச் எங்கோ ஒளிந்திருக்கிறது. ஷோ விடிபி ஸ்டேட்டஸில், கடைசியாகப் பட்டியலை மாற்றிய சுவிட்சின் ஐபி முகவரி இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

அறிகுறி 2: புதிய விலேன் ஒரே ஒரு சுவிட்சுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

டிரங்க் உண்மையில் டிரங்க்தானா? விடிபித் தகவல் டிரங்க் வழியாக மட்டுமே போகும். ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க் பட்டியலில் அந்தப் போர்ட் இல்லையென்றால் மேலே எதையும் தேட வேண்டாம். இரண்டு முனையும் டைனமிக் ஆட்டோ என்று இருந்தால், யார் முதலில் கேட்பது என்று இரண்டும் காத்துக்கொண்டே இருக்கும், டிரங்க் உருவாகாது. இரண்டு பக்கமும் டிரங்க் என்று கையால் எழுதிவிடுங்கள். விடிபி டொமைன் பெயர் வேறாக இருந்தாலும் தானாக டிரங்க் அமையாது.

டொமைன் பெயரின் எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் இங்கே வேறு வேறு. தலைப்பெழுத்தை ஒருவர் பெரியதாகவும் இன்னொருவர் சின்னதாகவும் அடித்ததால் மூன்று மாதம் பேசாமல் கிடந்த இரண்டு சுவிட்சுகளைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பார்த்தேன். ஒரு ரேக்கிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

கடவுச்சொல். கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சுவிட்சிலும் ஷோ விடிபி ஸ்டேட்டஸின் அடியில் எம்டி5 டைஜஸ்ட் என்ற வரி இருக்கும். ரிவிஷன் எண் ஒன்றாக இருந்தும் அந்த வரி வேறாக இருந்தால் கடவுச்சொல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பக்கமும் அதைப் புதிதாக அடியுங்கள். ஒட்ட வேண்டாம், விரலால் அடியுங்கள்.

மோடு. யாரோ எப்போதோ டிரான்ஸ்பரன்ட் ஆக்கியிருப்பார்கள். அந்தச் சுவிட்ச் தகவலை அடுத்த சுவிட்சுக்குக் கடத்தும், தான் எடுத்துக்கொள்ளாது. ஆகவே நடுவில் இருப்பதில் மட்டும் விலேன் இல்லை, அதற்கு அப்பால் உள்ளதில் இருக்கிறது என்றால் காரணம் இதுதான்.

விலேன் எண். பதிப்பு 1உம் 2உம் 1 முதல் 1005 வரைதான் கடத்தும். 1100 என்று அழகாக எண் கொடுத்துவிட்டு வரவில்லையே என்று பார்த்தால் வராது. ஒன்று எண்ணைக் குறையுங்கள், அல்லது பதிப்பு 3க்குப் போங்கள். அதில் 4094 வரை போகும்.

பதிப்பு. ஒரே டொமைனில் 1உம் 2உம் ஒத்துப்போகா. பதிப்பு 3 சுவிட்ச் பதிப்பு 2 சுவிட்சோடு பேசும், 1ஓடு பேசாது.

பதிப்பு 3இல் விலேனை உருவாக்கவே விடவில்லை என்றால் பிரைமரி சர்வர் இல்லை என்று பொருள். விடிபி பிரைமரி என்ற கட்டளையைக் கொடுங்கள். இதை கான்ஃபிக் மோடுக்குள் நுழையாமல் வெளியே நின்று கொடுக்க வேண்டும். சுவிட்ச் மறுதொடக்கம் ஆனால் அந்தப் பதவி போய்விடும், மறுபடி கொடுக்க வேண்டும். மின்தடைக்கு மறுநாள் வரும் அழைப்புகளில் இதுவும் ஒன்று.

இவ்வளவும் சரியாக இருந்தால் இனி ஃபைபர். ஃபைபர் சொருகும் எஸ்எஃப்பி மாட்யூலைக் கழற்றி மாட்டுங்கள், இணைப்பு முனையைத் துடையுங்கள், வேறொரு மாட்யூலைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஃபைபர் ஒட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். கேபிள் தரைக்கடியில் ஹாலுக்கு ஹால் போகும் இடத்தில் எலி கடித்திருந்தால் நீங்களோ நானோ செய்வதற்கு ஒன்றுமில்லை.

அறிகுறி 3: விலேன் பட்டியலில் இருக்கிறது, ஆனால் டேட்டா போகவில்லை

பட்டியல் போய்ச் சேர்வது வேறு, பாதை திறந்திருப்பது வேறு. இந்த இடத்தில்தான் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க் திரையில் மேலிருந்து கீழாக நான்கு பகுதிகள் வரும். இரண்டாவது பகுதி, அந்த டிரங்கில் அனுமதிக்கப்பட்ட விலேன்கள். மூன்றாவது, அவற்றில் உண்மையில் உயிரோடு இருப்பவை. நான்காவது, தடையின்றி ஓடுபவை. உங்கள் எண் எந்தப் பகுதியில் காணாமல் போகிறது என்று பாருங்கள்.

இரண்டாவதிலேயே இல்லை: அனுமதிப் பட்டியலில் சேர்க்கவில்லை. சேர்க்கும்போது ஆட் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அதை விட்டுவிட்டால், இருந்த எண்கள் எல்லாம் போய்ப் புதிய எண் மட்டும் மிஞ்சும். அந்த ஒரு சொல்லால் ஒரு டிஸ்பாட்ச் செக்ஷன் அரை மணி நேரம் நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதில் இருக்கிறது, மூன்றாவதில் இல்லை: அந்தச் சுவிட்சில் விலேன் உருவாகவில்லை. அறிகுறி 2க்குப் போங்கள்.

மூன்றாவதில் இருக்கிறது, நான்காவதில் இல்லை: ஒன்று, லூப் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ அந்தப் பாதையை அடைத்து, மாற்றுப் பாதையில் விட்டிருக்கும். அல்லது விடிபி புரூனிங் வெட்டியிருக்கும். எதிர் முனையில் அந்த விலேனில் எந்தப் போர்ட்டும் இல்லை என்று நினைத்து வெட்டுவது அதன் இயல்பு. நடுவில் டிரான்ஸ்பரன்ட் சுவிட்ச் ஒன்று இருந்தால் இந்தக் கணக்கு தவறிவிடும். அந்த டிரங்கில் அந்த எண்ணைப் புரூனிங்கிலிருந்து விலக்குங்கள்.

நான்கிலும் இருக்கிறது, ஆனாலும் போகவில்லை: கம்ப்யூட்டர் சொருகிய போர்ட் எந்த விலேனில் இருக்கிறது என்று பாருங்கள். பாதி முறை அது, யாரும் மாற்றாதவரை எல்லாப் போர்ட்டும் இருக்கும் விலேன் 1லேயே கிடக்கும்.

சின்னது போகிறது, பெரியது போகவில்லை: பிங் வருகிறது, ஆனால் கேமராப் பதிவு இறங்கவில்லை, பில்லிங் மென்பொருள் பாதியில் தொங்குகிறது. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே யாரோ ஒரு பழைய எட்டுப் போர்ட் சாதாரணச் சுவிட்சைச் செருகியிருப்பார்கள். விலேன் குறிச்சீட்டு 4 பைட். அது சேரும்போது முழு அளவு ஃபிரேம் 1518லிருந்து 1522 ஆகிறது, பழைய சுவிட்சுகள் சில அதைத் தூக்கிப் போட்டுவிடும். 1472 பைட் அளவில் பிங் செய்து பாருங்கள். 1400 போய் 1472 போகாவிட்டால், கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்து அந்தப் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் சூப்பர்வைசர் மேசைக்கு அடியில் இருக்கும்.

ஜிவிஆர்பி, எம்விஆர்பி ஓடும் இடமென்றால்: ஒரு முனையில் மட்டும் விலேனை உருவாக்கிவிட்டு மறு முனை தானாகக் கற்றுக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள். கற்றும் கொள்ளும். ஆனால் ஒரு போர்ட்டில் அறிவிப்பு வந்தால் அந்தப் போர்ட்தான் விலேனில் சேரும், அதே போர்ட் வழியாக அறிவிப்பு திரும்பிப் போகாது. ஆகவே பாதை ஒரு பக்கம் மட்டும் திறக்கும். இரண்டு முனைச் சுவிட்சுகளிலும் விலேனைக் கையால் உருவாக்குங்கள். நடுவில் உள்ளவை தாமே கற்கும்.

அறிகுறி 4: ஜிவிஆர்பி வழியாக வந்த விலேன் வருவதும் போவதுமாக இருக்கிறது

முதலில் மின்சாரம். திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டில் தினமும் காலை பத்து மணியிலிருந்து பேக்கிங் பகுதி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது. போய்ப் பார்க்கும்போதெல்லாம் எல்லா விளக்கும் பச்சையாக இருக்கும். ஷோ வெர்ஷன் போட்டுச் சுவிட்ச் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்த்தேன். 4 நிமிடம் என்றது. சுவிட்சின் பிளக், இஸ்திரி மேசையின் மோட்டார் ஓடும் அதே பாயின்ட்டில் இருந்தது. மேசை இயங்கும்போது மின்னழுத்தம் சரிந்து சுவிட்ச் மறுதொடக்கம் ஆனது. அறிவிக்கிற சுவிட்ச் நின்றால், அது அறிவித்த விலேனும் மற்றவற்றிலிருந்து விலகிவிடும். பிளக்கை யூபிஎஸ் பக்கம் மாற்றினோம், அத்தோடு தீர்ந்தது. ஆகவே எந்தச் சுவிட்சானாலும் ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள்.

அடுத்தது கேபிள். அந்தப் போர்ட்டின் லாக்கில் டவுன், அப் என்று மாறி மாறி வரிகள் இருந்தால் விலேனைக் குறை சொல்லாதீர்கள். ஈரப்பதம் ஏற்றி வைக்கும் ஹால்களில் செம்புக் கேபிளின் முனை பச்சை பூத்துப்போகும். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.

மூன்றாவது டைமர், அதாவது விலேனில் சேர, விலக, பதிவுகளைப் புதுப்பிக்க ஜிவிஆர்பி கணக்கிடும் நேரம். ஜாயின் 200, லீவ் 600, லீவ்ஆல் 10,000 மில்லிசெகண்ட் என்பவை வழக்கமான மதிப்புகள். இவை எல்லாச் சுவிட்சிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. சில நிறுவனங்கள் மில்லிசெகண்டில் காட்டுகின்றன, சில சென்டிசெகண்டில் காட்டுகின்றன. ஒன்றில் 20, 60, 1000 என்றும் இன்னொன்றில் 200, 600, 10000 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே அளவுதான். வேறுபாடு என்று நினைத்து ஒன்றை மாற்றப்போய்த்தான் பல இடங்களில் கோளாறே தொடங்குகிறது. அலகைப் படித்த பிறகு தொடுங்கள். லீவ் மதிப்பு ஜாயினைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும்.

இதெல்லாம் சரி, ஆனாலும் நூற்றுக்கணக்கில் விலேன் இருக்கும் இடத்தில் தடுமாறுகிறது என்றால் ஜிவிஆர்பிக்கு அது சுமை. மொத்தப் பட்டியலையும் ஒரே செய்தியில் அடக்க அதனால் முடியாது. எம்விஆர்பி 4094 விலேனின் நிலையையும் ஒரே செய்தியில் அனுப்பும். ஃபர்ம்வேர் மாற்றினால் போதுமா, சுவிட்சையே மாற்ற வேண்டுமா என்பதைப் பார்க்க இந்த இடத்தில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சிஸ்கோ சுவிட்சில் எம்விஆர்பி விலேனைத் தானாக உருவாக்க வேண்டுமானால் விடிபி டிரான்ஸ்பரன்ட் மோடில் இருக்க வேண்டும் என்பதையும் அவரிடம் நினைவூட்டுங்கள்.

அறிகுறி 5: விலேன் தெரிகிறது, ஆனால் அதில் போர்ட்டைச் சேர்க்க விடவில்லை

அது தானாகக் கற்ற டைனமிக் விலேன். அதை நிலையான விலேனாக மாற்றினால்தான் போர்ட்டைச் சேர்க்கலாம். ஹெச்பி புரோகர்வ் வகைச் சுவிட்சில் ஸ்டாட்டிக்-விலேன் என்று அடித்து எண்ணைக் கொடுத்தால் போதும். மற்றவற்றில் அதே எண்ணில் கையால் உருவாக்குங்கள்.

அறிகுறி 6: மின்தடைக்குப் பிறகு பாதி அமைப்பைக் காணோம்

எந்தப் பாதி போனது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

விலேன்கள் இருக்கின்றன, போர்ட்டுகள் எல்லாம் 1இல் கிடக்கின்றன: விடிபி சர்வர் மோடில் விலேன் பட்டியல் ஃபிளாஷில் தானாகவே சேமிக்கப்படும், போர்ட் அமைப்பு அப்படியில்லை. யாரோ மாற்றிவிட்டு ரைட் மெமரி கொடுக்க மறந்திருக்கிறார்கள். மறுபடி அமைத்துச் சேமியுங்கள்.

போர்ட்டுகள் சரியான எண்ணில் இருக்கின்றன, விலேன்கள் இல்லை: விலேன் டாட் டேட் கோப்பு போய்விட்டது. அறிகுறி 1இன் மீட்கும் முறையே போதும். இதே சுவிட்சில் இரண்டாவது முறை நடந்தால் ஃபிளாஷ் கெட்டுக்கொண்டிருக்கிறது, மாற்றுச் சுவிட்சுக்குச் சொல்லி வையுங்கள்.

டிரான்ஸ்பரன்ட் மோடில் இரண்டுமே இல்லை: அந்த மோடில் விலேன்களும் கான்ஃபிகுக்குள்தான் இருக்கின்றன. சேமிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஜிவிஆர்பியில் கற்றவை மட்டும் இல்லை: அவை எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அறிவிக்கும் சுவிட்ச் எழுந்தால் தாமே வரும். ஆகவே ஜெனரேட்டர் வந்ததும் பதற வேண்டாம். எல்லாச் சுவிட்சுகளும் முழுதாக எழ ஐந்து நிமிடம் கொடுங்கள். அப்போதும் வராவிட்டால், அறிவிக்க வேண்டிய சுவிட்ச் எழுந்ததா என்று அங்கே போய்ப் பாருங்கள்.

அறிகுறி 7: யாரும் உருவாக்காத விலேன் எண்கள் தெரிகின்றன

1002 முதல் 1005 வரை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சிஸ்கோ சுவிட்சில் பழைய எஃப்டிடிஐ, டோக்கன் ரிங் நெட்வொர்க்குகளுக்காக ஒதுக்கியவை. நீக்கவும் முடியாது. யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று இரவு பதினோரு மணிக்கு எழுப்பிய தொழிற்சாலை ஒன்று உண்டு. அவர்கள் எழுப்பியது சரிதான். தெரியாத எண்ணைப் பார்த்துக் கேட்காமல் விடுவதைவிடக் கேட்பது நல்லது.

வேறு எண்கள் என்றால், எந்தப் போர்ட்டில் அது பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். இன்னொரு சுவிட்சுக்குப் போகும் டிரங்கில் இருந்தால் அந்தச் சுவிட்சுக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். அப்படியே ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தால் கடைசியில் ஒரு போர்ட் கிடைக்கும். அந்தப் போர்ட்டில் கம்ப்யூட்டர் இருந்தால், அதுதான் அறிவிக்கிறது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு விலேன் இணைப்புக்கு ஜிவிஆர்பியை இயக்கிவிட்டால் அது சுவிட்சைப் போலவே அறிவிக்கும். மென்பொருள் சோதனைக்காக யாரேனும் செய்திருக்கலாம்.

தடுப்பது எளிது. கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர் சொருகும் போர்ட்டுகளில் ஜிவிஆர்பியையும் எம்விஆர்பியையும் அணைத்து வையுங்கள். சுவிட்சுக்குச் சுவிட்ச் போகும் டிரங்கில் மட்டும் ஓடட்டும். அணைக்க வழியில்லாத போர்ட்டில் பதிவு முறையை ஃபார்பிட்டன் என்று வைக்கலாம். விடிபி உள்ள இடத்தில், முனைப் போர்ட்டுகளை ஆக்சஸ் மோடு என்று கையால் எழுதுங்கள். தானாக டிரங்க் ஆகும் வழி அடைபடும்.

அந்தப் போர்ட்டில் என்ன சொருகியிருக்கிறது என்று ஆலையில் யாருக்குமே தெரியவில்லை என்றால், உடனே பிடுங்கிவிடாதீர்கள். போர்ட் எண்ணையும் அதில் தெரியும் மேக் முகவரியையும் நேரத்தோடு படம் எடுங்கள். கேபிள் எந்தச் சுவருக்குள் போகிறது என்பதையும் படம் எடுங்கள். அதன்பின் அந்தப் போர்ட்டை ஷட்டவுன் கொடுத்து அணைத்துவிட்டு, பாதுகாப்புப் பணி தெரிந்தவரை வரச் சொல்லுங்கள். அவர் வந்ததும் கேட்கும் முதல் மூன்று கேள்விகளுக்கு அந்தப் படங்களில் விடை இருக்கும்.